சும்மா நின்ற பம்பு

கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிற ஊரில் பிறந்தவன் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எளிதில் நிறுத்த மாட்டான். விசாரிக்க வந்த ஐயாமார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கயானாவின் பெர்பீஸ் கரையில், வாய்க்கால் கடலில் சேரும் இடத்தில் ஒரு மதகு உண்டு. கடல் வற்றும்போது பலகையைத் தூக்கினால் ஊர்த் தண்ணீர் தானாக வெளியே ஓடிவிடும். கடல் ஏறும்போது பலகையை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் கடல் உள்ளே வந்துவிடும். அழகான ஏற்பாடு. ஒரே ஒரு குறை: கடல் ஏறி நிற்கும்போது பெருமழை கொட்டினால் தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது. அதற்காகத்தான் அரசாங்கம் மதகருகே டீசல் பம்பு வைத்திருந்தது. ஊர்க் கவுன்சில் சேர்மன் ஆவதற்கு முன் அதை ஓட்டியவன் நான்தான்.

சர்க்கரை ஆலையை மூடினார்கள். ஆண்கள் காலையிலேயே ரம் கடை வாசலில் உட்கார்ந்தார்கள். கரும்புக் காட்டில் களை பறித்துக்கொண்டிருந்த சுமிந்த்ரா என் அலுவலகத்துக்கு வந்து, மேசைமேல் வெறும் சட்டியைக் கவிழ்த்தாள்.

"பாருங்க சேர்மன் அண்ணே, ஒரு பருப்புகூட ஒட்டலே. புள்ளைங்களுக்கு உங்க பேச்சையா ஆக்கிப் போடுறது?"

"கொஞ்சம் பொறு, தாயி."

"பொறுத்தாச்சு. உங்க பம்பும் நாங்களும் ஒண்ணு, சும்மாவே நிக்கிறோம். அதுக்காவது வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறீங்க."

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு மனதில் தங்கிவிட்டது. மழை குறைந்ததால் பம்பு ஓடியே சில வருடங்கள் ஆகியிருந்தன. மதகு தினமும் ஏறி இறங்குவதை ஊர் பார்க்கிறது. அதை விற்கிறேன் என்றிருந்தால் என்னை வாய்க்காலில் தள்ளியிருப்பார்கள். பம்பை விற்கலாம் என்றபோது கைதட்டினார்கள். மேலிடமும் சம்மதித்தது. பக்கத்து நாடான சூரினாமின் அரிசி ஆலைக்காரர் ஒருவர் வாங்கினார். அந்தப் பணத்தில் ஊருக்கு ஒரு தையல் ஆலை எழுந்தது, நிர்வாகமும் என் கையில். முதல் சம்பளத்தன்று சுமிந்த்ரா எனக்குப் பருப்புப் பூரி கொண்டுவந்தாள்.

பிறகு அந்த மழை. கடல் ஏறியிருந்தது, மதகு மூடியிருந்தது. மதியமே வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஆலை முற்றத்தில் தண்ணீர் வாசற்படியைத் தொட்டது. இன்னும் ஒரு முழம் ஏறினால் தையல் மிஷின்களின் மோட்டார்கள் போய்விடும். உள்ளே செப்புக் கம்பி சுற்றியிருக்கும். சேற்றுத் தண்ணீர் பட்டால் அப்புறம் எதற்கும் ஆகாது.

ஆலைக்கு அந்தப் பக்கம், கரும்புக் காலத்தில் கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடுகள். மற்ற வீடுகளைப் போலத் தூண்கள்மேல் நிற்பவை அல்ல, தரையோடு தரையாக இருப்பவை. வேலையாட்கள் பாதிப்பேர் அங்கேதான். நடுவே மண்கரை, கரையில் ஒரு சிறு கதவு. திறந்தால் தண்ணீர் பள்ளம் தேடிப் போகும். அது தண்ணீரின் இயல்பு.

லயனிலிருந்து சுமிந்த்ரா போன் செய்தாள்.

"அண்ணே, தண்ணி திடீர்னு கட்டில் மட்டத்துக்கு வந்துருச்சு. புள்ளைங்கள மேசைமேல ஏத்திட்டேன். வெளிய கால் ஊண முடியலே, இழுக்குது. அந்தக் கதவு தொறந்து கெடக்கா, என்ன? யாரையாவது அனுப்பி மூடச் சொல்லுங்கண்ணே."

"பார்க்கிறேன்" என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கரைக் கதவின் கைப்பிடி என் கையில்தான் இருந்தது. வாசற்படி மெல்ல மெல்ல வெளியே தெரிந்தது.

கதவைத் திறந்தவன் நான். மூடாமல் விட்டவனும் நான். உள்ளே ஆட்கள் இருப்பது தெரியும்.

ஆலையில் ஒரு மிஷின்கூட நனையவில்லை. நீங்களே வந்து பார்க்கலாம். லயன்காரர்கள் உட்கார்ந்த நிறைய இடங்கள் இப்போது காலி. திங்கட்கிழமைக்குள் என்னை அனுப்பிவிட்டால் நல்லது. வேலை கேட்டு ஆலை வாசலில் ஆட்கள் நிற்பார்கள். அவர்களை ஏமாற்ற எனக்கு மனம் வராது.