முனையைக் கேட்கும் திமிங்கலப் பல்

அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் ஊரின் தலைமகன் ராத்து மேலி அவர்களே! ஞாயிறுதோறும் நான் தூங்குவதைக் கண்டும் காணாமல் பிரசங்கம் செய்யும் கருணைமிகு போதகர் இசிரேலி அவர்களே! பாயை நிறைத்துப் பண்போடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பவளத்திட்டில் அலையோடு மல்லுக்கட்டி அடுப்பெரிக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் அன்பான வணக்கம், நம் புலா!

எட்டாம் வகுப்போடு என்னைக் கைகழுவியது பள்ளிக்கூடம். இருந்தும் தலைவருக்காகப் பேசும் வாய் என்று இந்தச் செகோவேயை நிறுத்தியிருக்கிறீர்கள். அப்பனுக்குப் பின் வந்த பதவி, அறிவுக்கு வந்ததல்ல. என் மனைவி விலிமைனா தலையாட்டுகிறாள் பாருங்கள், இதற்கு மட்டும்!

உலகமயம், உலகமயம் என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது? என் உடம்பிலேயே இருக்கிறது! சட்டை ஒரு நாடு, செருப்பு ஒரு நாடு. சுற்றிலும் கடல், நான் தின்பதோ டின் மீன்! என் மகள் அசெனதா கொரியாப் பாட்டுக்கு ஆடுகிறாள். திட்டப் போனால் என் காலும் சேர்ந்து ஆடுகிறது. அதற்கு நான் அஞ்சவில்லை. அதெல்லாம் நாமாக எடுத்துக்கொண்டது. நம்மிடமிருந்து எடுக்க வருவதற்குத்தான் அஞ்சுகிறேன்!

போன வாரம் வந்தார் பெரிய நாட்டு விருந்தாளி. நம்மைப் போலவே கால்மடித்து அமர்ந்தார்; கைகுவித்துத் தட்டினார்; யங்கோனா வேர்ச்சாற்றை ஒரே மூச்சில் குடித்தார். நாம் உருகினோம். நடனத்துக்கு ஒரு கலைக்கூடம், அதுவும் நம் படகுகள் ஒதுங்கும் கடல்முனையில்தான், என்று கேட்டார். இன்று திமிங்கலப் பல்லோடு வருகிறார். பல்லைக் கையில் வாங்கிவிட்டால் கேட்டதைக் கொடுத்தாயிற்று என்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தை அவருக்கு யார் சொல்லித் தந்தது? எதற்காகக் கற்றுக்கொண்டார்? அன்புக்கா, ஆதாயத்துக்கா?

அசெனதா அன்றே கேட்டாள்: "கூடத்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி கட்டுங்களேன்?"

"முனையிலதாம்மா காத்து நல்லா வரும்."

"எங்க ஊர்ல காத்து எங்கதாங்க வராது?"

சிரித்தார். இன்னொரு கிண்ணம் யங்கோனா கேட்டார். அவரோடு வந்த உதவியாளரோ சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த விலிமைனாவிடம் போய், "அக்கா, திட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணி எவ்வளவு ஆழம்? பெரிய கப்பல் வருமா?" என்றாராம்.

"ஏம்ப்பா, ஆடறதுக்கு மேடை கேட்டியா, முங்கறதுக்குக் கடல் கேட்டியா?" என்றிருக்கிறாள் இவள்.

தாய்மார்களே! நடனத்துக்கு ஏன் ஆழம்? பாட்டுக்கு ஏன் கப்பல்? புயல் கூரையைப் பிய்த்தபோது எட்டிப்பார்க்காத உலகம் இன்று ஏன் இப்படிக் கட்டித் தழுவுகிறது? இந்தச் செய்தி கேட்டதும் அவருக்கு ஆகாத இன்னொரு பெரிய நாடு ரக்பித் திடலுக்கு விளக்குப் போட ஓடி வருகிறதே, நம் ஆட்டத்தின் அழகுக்கா? என் ஆட்டத்தைப் பார்த்தவர் விளக்கை அணைத்துவிட்டல்லவா போவார்!

யாரது பின்னால்? "கூடம் கட்டுனா ஊருக்கே கரண்டு தர்றேன்னாங்களே, மாமா!" செமியா? கரண்ட் எனக்கும் வேண்டுமப்பா. ஆனால் வெளிச்சம் வந்த பிறகு முனையில் வேலி தெரிந்தால்? உன் படகை எங்கே கட்டுவாய், விளக்குக் கம்பத்திலா?

இறையாண்மை என்று பெரிய சொல் ஒன்று உண்டு. படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வேண்டாம் என்று சொல்ல ஓர் ஊருக்கு வாய் இருக்க வேண்டும்! அந்த வாய் இன்று நான். பல்லை வாங்க வேண்டிய கையும் என்னுடையது.

அதோ, வண்டிச் சத்தம். வரட்டும். பாய் விரிப்போம், பசியாற்றுவோம், பாடுவோம். பிறகு இந்த அவை நடுவே ஒன்றே ஒன்று கேட்பேன்: "அய்யா, கப்பல் எதுக்கு?" அதற்கு நேரான பதில் வரும்வரை இந்தக் கை தட்டும், பரிமாறும், நீளாது!

தலைவரே, சம்மதமா? தலையசைக்கிறார்! விலிமைனா, என் கையைப் பிடித்துக்கொள். பழக்கதோஷத்தில் நீண்டுவிடப் போகிறது.

பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கதவைத் திறந்து விடுங்கள். விருந்தாளிக்கும் சொல்வோம், புலா!