அமிர்தவள்ளி அம்மாளின் இடத்தில் யார்?

இல்லை, தலைவர் அவர்களே. சுருக்கமாக முடிக்க இயலாது. மேடையில் இருக்கும் ஆண்கள் எல்லோரும் பேசிவிட்டீர்கள். பெண் ஒருத்தி இப்போதுதான் எழுந்திருக்கிறாள்.

சங்கத் தலைவர் வேதாசலம் அவர்களே, தோல்ஷாப்புத் தோழர்களே, பின்னால் சுவரோரம் நிற்கும் பட்டை இடிக்கும் கொட்டகைச் சகோதரிகளே! மதராஸில் படித்துவிட்டு வந்து சங்கப் பள்ளியில் பாடம் சொல்பவள் நான். எனக்கு இங்கே நாற்காலி உண்டு. சகோதரிகளே, உங்களுக்கு இல்லை. என் முதல் வணக்கம் உங்களுக்கு.

இந்த இரங்கல் கூட்டத்தில் அமிர்தவள்ளி அம்மாளைத் தாய் என்றார்கள். தெய்வம் என்றார்கள். இருக்கலாம். அவர் இந்தச் சங்கத்தின் கமிட்டி மெம்பர். அதை யாரும் சொல்லவில்லை. ஏன்?

ஆம்பூரில் நம் முதல் வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். தோல் சுண்ணாம்புக் குழியிலேயே கிடந்தால் கெட்டுப்போகும். முதலாளி இறங்கி வருவார். நல்ல திட்டம். பாலாற்று மணலில் கூடி முடிவு செய்தீர்கள். வீட்டில் மூச்சு விடவில்லை. "பொம்பளைங்க வாயில நிக்காது" என்றீர்கள்.

விடிந்தது. தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கும் பெண்கள் வழக்கம்போல வேலைக்குப் போனார்கள். மேஸ்திரி அவர்களைக் குழிக்கு அனுப்பினான். மாலைக்குள் தோல் எல்லாம் கரையேறிவிட்டது. வேலைநிறுத்தம் முறிந்தது.

யாரைத் துரோகி என்றீர்கள்? அவர்களை!

அன்று இந்தச் சங்க வாசலில் வந்து நின்றார் அமிர்தவள்ளி அம்மாள். கணவரை இழந்தவர். கையெல்லாம் பட்டைத்தூள்.

"இன்னாம்மா, ஊட்டுக்குப் போய் சோறாக்கு" என்றார் ஒருவர்.

"ஆக்கி வச்சிட்டுதான் வந்தேன். துன்னுட்டுதானே குந்திகினு இருக்கீங்க! ஸ்ட்ரைக்குன்னு எங்களாண்ட யாருய்யா சொன்னீங்க?"

சிரித்தீர்கள்.

அடுத்த முறை அவரே கொட்டகை கொட்டகையாகப் போய்ச் சொன்னார். ஒரு பெண்ணும் வேலைக்குப் போகவில்லை. தோல் குழியிலேயே கிடந்தது. முதலாளி இறங்கி வந்தார். வென்றோம்! அதற்குப் பிறகுதான் கமிட்டியில் அவருக்கு இடம் கொடுத்தீர்கள்.

இடம் கொடுத்தீர்கள். காது கொடுத்தீர்களா?

அவர் பேசி முடிப்பார். தலைவர் அவருடைய கொழுந்தனார் கன்னியப்பன் பக்கம் திரும்புவார். "உங்க அண்ணி இன்னா சொல்றாங்க?" ஒவ்வொரு கூட்டத்திலும்!

"அண்ணி இங்கதான் கீறேன். என்னாண்ட கேளுங்க."

குரலை உயர்த்தமாட்டார். மறுபடி முதலிலிருந்து சொல்வார்.

என்ன சொன்னார்? கைக்குழந்தைகள் தோல்ஷாப்புக் கேட்டுக்கு வெளியே, மரத்தடித் தூளியில் கதறுகின்றன. தாய்மார்கள் உள்ளே. பால் கொடுக்கக் கேட்டைத் திறந்துவிட வேண்டும். இவ்வளவுதான். வீட்டு விஷயம் என்று ஒதுக்கினீர்கள். மறுபடி சொன்னார். மறுபடி ஒதுக்கினீர்கள். காய்ச்சலில் விழுவதற்குச் சற்று முன்புதான், முதலாளியோடு நாளை நடக்கும் பேச்சுவார்த்தையில் அதைச் சேர்க்கவைத்தார்.

இப்போது தலைவர் அறிவிக்கிறார். அவர் இடத்தில் கன்னியப்பன் போவாராம்.

கன்னியப்பன் அண்ணா, நீங்கள் நல்லவர். "அண்ணி சொன்னதத்தான் சொல்லப்போறேன்மா" என்று சற்று முன் என்னிடம் சொன்னீர்கள். நம்புகிறேன். ஆனால் முதலாளி கேட்பாரே! பால் கட்டிக்கொண்டால் என்ன ஆகும், பசியோடு பிள்ளை எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்பாரே! அப்போது நீங்கள் யார் பக்கம் திரும்புவீர்கள்?

அமிர்தவள்ளி அம்மாள் இல்லை. அவர் கேட்டது இன்னும் கிடைக்கவில்லை. மாலை போட்டு, மௌனமாக நின்று, கலைந்து போக நாங்கள் வரவில்லை. பட்டை இடிக்கும் பெண் ஒருத்திதான் நாளை அங்கே உட்காருவாள். அவள் யார் என்பதை அந்தப் பெண்களே சொல்வார்கள். கேட் திறக்கும்வரை நாங்கள் கேட்போம். திறந்த பிறகும் கேட்போம். இது வேண்டுகோள் அல்ல. முடிவு.

சங்கப் பள்ளி ஆசிரியை தேவகி இத்துடன் பேச்சை முடித்தார். மேடை நாற்காலிக்குத் திரும்பவில்லை. சுவரோரம் நின்ற பெண்களிடம் போய், யாரை அனுப்பலாம் என்று கேட்டார். முனியம்மாவை என்றார்கள். மறுநாள் காலை முனியம்மா பேச்சுவார்த்தைக்கு உள்ளே போனபோது, அவருடைய கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு தேவகி வெளியே நின்றார்.