எல்லாப் போனிலும் திறக்க வேண்டும் என்றவர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் கணினித் தொழிலாளர் சங்கத் தலைவர் திரு. அருள்பாண்டி அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மனைவியைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் நாகவல்லியின் கணவர் சோணைமுத்து அவர்களே, காளையார்கோவிலிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, நண்பர்களே, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

நான் சபியுல்லா. நம்மைவிட்டுப் பிரிந்த வலைப் பொறியாளர் நாகவல்லி அவர்களுக்குப் பதினான்கு ஆண்டுகள் எதிர்மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். காரைக்குடிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில், மூன்றே பேர் உள்ள எங்கள் அலுவலகத்தை உங்களில் பலருக்குத் தெரியும்.

எனக்கு முன்னால் பேசியவர்கள், நல்லவர்களை ஆண்டவன் சீக்கிரம் அழைத்துக்கொள்கிறான் என்றார்கள். அவர்கள் அன்பால் சொன்னார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை, மன்னிக்க வேண்டும். நாற்பத்து மூன்று வயது! பாதி வேலை மேசைமேல் கிடக்கிறது! இதை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாகவல்லி எந்த அநியாயத்தையும் நியாயம் என்று சொல்லிப் பழகியவரும் இல்லை.

அவர் என்ன வேலை செய்தார் என்று இங்கே பலருக்குக் கேள்வி இருக்கும். நீங்கள் போனில் ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான விதிகள் இருக்கின்றன. அவற்றில் ஆண்டுதோறும் புது விதிகள் சேர்கின்றன. எழுதியதை வாசித்துத் திரையில் காட்டுவது பிரவுசர். புது விதி வந்தால் எல்லாப் பிரவுசரும் அதை ஒரே மாதிரி வாசிக்க வேண்டுமா, இல்லையா? வாசிப்பதில்லை! ஒன்று முழுதாக வாசிக்கும். ஒன்று பாதி வாசிக்கும். இன்னொன்று வாசிக்கத் தெரியும் என்று அறிவித்துவிட்டு வாசிக்காமலே இருக்கும். விலை கூடிய போனில் ஜோராகத் திறக்கும் பக்கம், விலை குறைந்த போனில் வாயை மூடிக்கொள்ளும். வெளியே நிற்பது யார்? எப்போதும் அதே ஆட்கள்தான்.

அந்த ஆட்களை உள்ளே கொண்டுவருவதுதான் நாகவல்லி அவர்களின் வேலை. அதை அவர் எப்படிச் செய்தார் என்று சொல்ல, நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். அவர் உயிரோடு இருந்தவரை இதை வெளியே யாரிடமும் சொன்னதில்லை. அவரும் சொல்லவிடவில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அறக்கட்டளை, கிராமத்துப் பெண்களுக்கு இலவச நர்சிங் பயிற்சி அறிவித்தது. அறுபது இடங்கள். விண்ணப்பம் இணையத்தில் மட்டும். அந்தப் படிவத்தை எழுதும் வேலை எங்களுக்கு வந்தது. எழுதியவன் நான். பிறந்த தேதியை நிரப்பும் கட்டத்துக்கு அப்போது புதிதாக வந்திருந்த விதியைப் பயன்படுத்தினேன். கட்டத்தைத் தொட்டால் அழகாக ஒரு காலண்டர் விரியும். அதில் நாளைத் தொட்டால் போதும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாகவல்லி கேட்டார். "அண்ணே, பீரோவுல இருக்குல்ல அந்தப் பழைய போனு, அதுல ஒரு தடவ திறந்து பாத்துட்டீகளா?"

"இந்தக் காலத்துல அத யாரும்மா வச்சிருக்காக? அந்தப் போன்ல இருக்குற பிரவுசருக்கே இந்த விதி தெரியும்னு அதச் செஞ்சவுகளே பட்டியல்ல டிக் போட்டுருக்காக" என்றேன்.

"டிக் போட்டவுக பாத்துருப்பாகன்னு என்னண்ணே நிச்சயம்?" என்றார். நான் காதில் வாங்கவில்லை. பக்கம் ஊருக்குப் போய்விட்டது.

கடைசித் தேதி முடிந்து நான்காம் நாள் காலை. ஓர் அம்மா மாடிப்படி ஏறி வந்தார். காளையார்கோவில் பக்கத்துக் கிராமம். களையெடுக்கும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். பெயர் கருப்பம்மாள். இதோ, நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"பக்கத்து வீட்டுப் புள்ளைக்குப் போன்ல மனு நம்பரு வந்துருச்சுய்யா. எம்மக காளீஸ்வரிக்கு நன்றின்னு மட்டுந்தான் வந்துச்சு. நம்பரு வரல. பக்கத்துக்கு அடியில ஒங்க ஆபீசு பேரு இருக்குன்னு அவ வாசிச்சுச் சொன்னா. நன்றிய வச்சுக்கிட்டு நான் என்னய்யா செய்யிறது?"

நாகவல்லி அந்த அம்மாவின் போனை வாங்கினார். எங்கள் பீரோவில் இருந்த அதே மாதிரிப் பழைய போன். எங்கள் பக்கத்தைத் திறந்தார். பிறந்த தேதிக் கட்டத்தைத் தொட்டார். காலண்டர் விரியவில்லை. வெறும் கட்டம். அதில் அந்தப் பெண் நாமெல்லாரும் எழுதுகிற மாதிரி முதலில் நாள், பிறகு மாதம், பிறகு ஆண்டு என்று தட்டியிருக்கிறாள். என் நிரல் எதிர்பார்த்ததோ ஆண்டை முதலில். தேதி தவறு என்று அந்த விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டது. தள்ளிவிட்டு, திரையில் நன்றி சொல்லியிருக்கிறது!

நாகவல்லி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கணினியில் உட்கார்ந்து, தள்ளப்பட்ட விண்ணப்பங்கள் மொத்தம் எத்தனை என்று எண்ணினார். இருநூற்றுப் பதினேழு. இருநூற்றுப் பதினேழு பெண்கள், விண்ணப்பம் சேர்ந்துவிட்டது என்று நம்பி வீட்டில் காத்திருந்தார்கள்.

அன்று மத்தியானமே என்னையும் இழுத்துக்கொண்டு அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனார். வெள்ளிக்கிழமை தேர்வுப் பட்டியல் வெளியாக வேண்டும். அன்று செவ்வாய். செயலாளர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"கடைசித் தேதி முடிஞ்சுபோச்சேம்மா. அவுக தப்பா நிரப்புனதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்?"

"அவுக சரியாத்தான்யா நிரப்பியிருக்காக. தப்பா வாசிச்சது நாங்க எழுதுன பக்கம்."

"சரி, இனிமே புதுப் போன்ல மட்டும்தான் திறக்கும்னு மேல ஒரு வரி போட்டுருங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "நல்ல யோசனைங்கய்யா, போட்டுருவோம்" என்றேன். இந்த வாய்தான் சொன்னது. ஒரு நல்ல வாடிக்கையாளர் கைவிட்டுப் போய்விடுவாரே என்ற பயம்.

நாகவல்லி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, நீங்க செத்த நேரம் வெளிய இருங்க."

வெளியே போனேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அவர் அச்சடித்துக் கொண்டுபோயிருந்த தாள்களை எடுத்தார். "அய்யா, இருநூத்திப் பதினேழு பேரு. ஒவ்வொரு பேரா வாசிக்கிறேன். ஒவ்வொருத்திக்கும் நீங்களே வாயால வேணாம்னு சொல்லுங்க. சொல்லிட்டீகன்னா நான் எந்திரிச்சுப் போயிர்றேன்" என்றார். வாசிக்கத் தொடங்கினார். பெயர், அப்பா பெயர், ஊர். பெயர், அப்பா பெயர், ஊர். குரல் உயரவே இல்லை. முதல் பத்துப் பெயர்களுக்குச் செயலாளர் சிரித்துக்கொண்டிருந்தார். இருபதுக்குமேல் சிரிப்பு நின்றது. நாற்பத்தொன்றாவது பெயர் அவருடைய சொந்த ஊர்ப் பெண். "நிறுத்தும்மா" என்றார். மணியடித்து எழுத்தரைக் கூப்பிட்டார்.

பட்டியல் பத்து நாள் தள்ளிப்போனது. அத்தனை பேரின் தேதியையும் நாங்களே சரிபார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. நாகவல்லி, நான், அந்த வருடம்தான் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்திருந்த சத்தியப்பிரியா, மூவரும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முப்பத்தொரு பேருக்கு லைன் கிடைக்கவில்லை. விடுவாரா நாகவல்லி? சோணைமுத்து மாப்பிள்ளை தம் பஸ் டிரைவர் வேலைக்கு மூன்று நாள் லீவு போட்டார். பைக்கில் மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். முப்பத்தொருவரையும் கண்டுபிடித்த பிறகுதான் இருவரும் திரும்பினார்கள்.

அந்த அறுபது இடத்தில் இருபத்து மூன்று இடம், நான் வெளியே தள்ளிய பெண்களுக்குக் கிடைத்தது. இருபத்து மூன்று நர்சுகள்! நாகவல்லி அன்று வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர்கள் இன்று எங்கே?

ஆனால் காளீஸ்வரிக்கு இடம் கிடைக்கவில்லை. மதிப்பெண் ஏழு குறைந்தது. கருப்பம்மாளிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நாகவல்லிதான் சொன்னார். அந்த அம்மா சொன்னார்: "கெடைக்கலன்னா பரவாயில்ல தாயி. எம்மக பேர வாசிச்சுப் பாத்துட்டு வேணாம்னாக. வாசிக்காமலே தள்ளல. அது போதும், நாங்க வேற எடத்துல பாத்துக்கிறோம்."

பார்த்துக்கொண்டார்கள். காளீஸ்வரி இன்று சிவகங்கையில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறார். இன்று அரைநாள் விடுப்பு எடுத்து அம்மாவோடு வந்திருக்கிறார்.

அறக்கட்டளை அடுத்த வருடம் எங்களைக் கூப்பிடவில்லை. நாகவல்லிக்கு அதற்குள் அடுத்த சண்டை தொடங்கியிருந்தது. அந்தப் பிரவுசரைச் செய்தவர்களோடு!

பக்கம் எழுதிய என்மேல் பாதித் தவறு என்றால், தெரியாததைத் தெரியும் என்று டிக் போட்டவர்கள்மேல் மீதிப் பாதி இல்லையா? அந்த நிறுவனத்துக்குப் பிழை அறிக்கை எழுதினார். படங்களோடு, படிப்படியாக, யாருக்கும் புரிகிற மாதிரி. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. இதைப் பயன்படுத்துவோர் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, ஆகவே இந்த அறிக்கை மூடப்படுகிறது என்று. மறுபடி திறந்தார். மறுபடி மூடினார்கள். ஏழு தடவை மூடினார்கள், நண்பர்களே! எட்டாவது தடவை திறந்தார்.

விதிகளை வகுக்கும் குழு ஒன்று மாதந்தோறும் காணொலியில் கூடும். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். கலந்துகொள்வதுதான் யாருமில்லை. நம் மருந்துக்கடை மாடியிலிருந்து நாகவல்லி உள்ளே போனார். பெரிய பெரிய நிறுவனத்து ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் அதே ஒரு சதவீதத்தைச் சொன்னார். நாகவல்லி தம் இங்கிலீசில், தட்டுத் தடுமாறித்தான், சொன்னார்: "நீங்கள் ஒரு சதவீதம் என்கிறீர்கள். நாங்கள் அதைக் காளையார்கோவில் என்கிறோம். அங்கே பஸ் நிற்கும், பள்ளிக்கூடம் இருக்கிறது, சனங்கள் இருக்கிறார்கள்." இணைப்புப் போய்விட்டதோ என்று சத்தியப்பிரியா வயரை ஆட்டிப் பார்த்தார்.

மூன்று ஆண்டுகள் கழித்து அந்தப் பிரவுசரின் புதுப் பதிப்பு வந்தது. திருத்தங்களின் பட்டியலில் ஒரே ஒரு வரி. தேதிக் கட்டம் சரிசெய்யப்பட்டது. யார் பெயரும் இல்லை. நான் கோபப்பட்டேன். "பேரு எதுக்குண்ணே? காலண்டர் விரியுதா, அத மொதல்ல பாருங்க" என்றார்.

காலம் போகப்போக எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்கிறார்களே, எந்தக் காலம் வந்து எந்தக் கட்டத்தைச் சரிசெய்தது? ஒரு பெண் எட்டுத் தடவை எழுதினார். அதனால் சரியானது! காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய முடியும், சென்னைக்குப் போ, பெங்களூருக்குப் போ என்று அவரிடம் சொன்னவர்கள் இந்த அரங்கிலும் இருப்பார்கள். என்ன செய்ய முடியும் என்று இப்போது தெரிகிறதா?

இந்த வருடம் சித்திரையில் நோய் தெரிந்தது. ரத்தப் புற்றுநோய். மதுரை ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்க்கப் போனபோது ஊசி குத்திக் குத்திக் கை முழுதும் நீலம் பாரித்திருந்தது. நான் அழுதுவிட்டேன். அவர் சொன்னார்: "அழுகுறதுக்கா அம்புட்டுத் தூரம் வந்தீக? பக்கத்துமேல எந்திரிச்சு நிக்கிற பெட்டிக்குப் புது விதி வந்துருக்குல்ல, அது நாலு பிரவுசர்ல நாலு மாதிரி நிக்கிது. ஒண்ணுல மூடுற பட்டனே தெரியல. யாராச்சும் எழுதிப் போட்டீகளா?"

"இல்லம்மா" என்றேன்.

"எழுதுங்க. நான் இருந்தாலும் இல்லாட்டியும் மூடுற பட்டன் தெரியணும்ல?"

எழுதிவிட்டோம். அவர் அடக்கத்துக்கு மறுநாள் நானும் சத்தியப்பிரியாவும் எழுதினோம். நேற்று அந்த அறிக்கையை மூடிவிட்டார்கள். இன்று காலை, இங்கே வருவதற்கு முன்பு, மறுபடி திறந்துவிட்டு வந்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் ஒரு புது வாடிக்கையாளர், புதுப் போனில் மட்டும் திறந்தால் போதும், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கடிதம் அனுப்பியிருக்கிறார். அன்று செயலாளர் முன்னால் தலையாட்டிய அதே சபியுல்லாதான் இதற்குப் பதில் எழுதப்போகிறேன். முடியாது என்று எழுதப்போகிறேன்! வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார் என்றால் பார்த்துக்கொள்ளட்டும்.

வருகிற வியாழக்கிழமை அந்த விதிக்குழு கூடுகிறது. நாகவல்லி உட்கார்ந்த நாற்காலியில் சத்தியப்பிரியா உட்காருவார். அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் வரும்வரை எழுந்திருக்க மாட்டார். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் போனில் திறக்காத பக்கம், திறந்தும் வேலை செய்யாத பக்கம் எதுவானாலும் போகும்போது அதில் எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், காளீஸ்வரி எழுதிக்கொள்வார். நாளைக் காலை ஒன்பதரை மணிக்கு முதல் வரியிலிருந்து தொடங்குகிறோம்.

தலைவர் அருள்பாண்டி அவர்கள் இப்போது நம்மையெல்லாம் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காக்கச் சொல்வார். பொறியாளர் நாகவல்லி அவர்களுக்காக அந்த ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம்.

அந்த ஒரு நிமிடம் மட்டும்தான்.