எந்தக் குளத்தின் கிருமி

தலைவர் ஐயா, தவணை போடாதேங்கோ. முதல்ல நீங்கள் விளங்கவேண்டியதைச் சொல்லிப்போடுறன், பிறகு உங்கட விருப்பம். முறைப்பாடு தந்திருக்கிற கிருபன் என்ர மனிசன். எதிராளி ஜனார்த்தனன் என்ர தம்பி. ரெண்டு பேருக்கும் களப்புக்கரையில பக்கத்துப் பக்கத்து இறால் குளம். தம்பியின்ர இறால் முதல் செத்தது, எங்கட இறால் பிறகு செத்தது. தம்பி நோய்த்தண்ணியை வாய்க்கால்ல திறந்துவிட்டுத்தான் எங்கட குளம் அழிஞ்சதெண்டு இவர் சொல்லுறார். ஊரும் அதைத்தான் சொல்லுது. அது பிழையெண்டு இண்டைக்கே இந்த இணக்கசபை எழுதித்தரவேணும்.

ஓம் ஐயா, தம்பி வரேல்லத்தான். அதுக்கும் வாறன்.

இஞ்சேருங்கோ, குறுக்க கதையாதேங்கோ. ஓம், உங்கட மனிசிதான். அவனுக்கு அக்காவும் நான்தான்.

ஆய்வுகூடத்து மேனுகா மிஸ் எனக்கு விளங்கப்படுத்தினவா, ஐயா. செத்த இறாலில கிருமி இருக்கெண்டு கண்டால் மட்டும் காணாதாம். நோயின்ர பேர் ஒண்டாயிருந்தாலும் அந்தக் கிருமிக்குள்ள கன குடும்பம். மரபணுவைப் பாத்தால்தான் எது எதுக்குச் சொந்தமெண்டு தெரியும். ரெண்டு குளத்து இறாலும் வாய்க்கால் தண்ணியும் குடுத்தனான். ரெண்டு குளத்திலயும் ஒரே குடும்பம். வாய்க்கால்ல கிடந்தது வேற.

அப்ப நோய் எப்பிடித் தாண்டினதெண்டுதானே கேக்கிறியள்? புதுக்குளத்துத் தண்ணி பச்சை பிடிக்கவேணுமெண்டு, நல்லா விளையிற குளத்துத் தண்ணி கொஞ்சம் கொண்டுபோய் ஊத்துறது எங்கட ஆக்களின்ர வழக்கம். இவர்தான் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில எங்கட குளத்துத் தண்ணியைப் பீப்பாவில ஏத்திக்கொண்டுபோய், தம்பி கேக்க முதலே அவன்ர குளத்தில ஊத்திவிட்டவர். நல்லெண்ணத்திலதான் செய்தவர். அதை நான் மறுக்கேல்ல.

எங்கட குளத்தில நோய் முதலே இருந்ததுக்கு என்ன சாட்சியெண்டோ? பொறுங்கோ. தம்பி குளம் வெட்ட முதலே, எங்கட இறால் ஒரு பை கறிக்கெண்டு பிரிட்ஜுக்க போட்டு மறந்துபோனன். சிரியாதேங்கோ ஐயா, வீடு ஒழுங்கா வச்சிருக்கிறவள் எண்டு பேரெடுத்தவள் நான். அந்தப் பையையும் ஐஸோட கொண்டுபோய்க் குடுத்தனான். உறைஞ்சு கிடந்தும் கிருமி முழுக்கச் சாகேல்லையாம். அதுவும் அதே குடும்பம்.

எங்கட இறால் பெரிசு, தாங்கிக்கொண்டு நிண்டது. அவன்ர சின்னக் குஞ்சுகள் தாங்கேல்ல. முதல் அழிஞ்சவன்ர தலையிலயே பழியும் விழுந்திட்டுது.

ஏனப்பா எழும்புறியள்? இருங்கோ. சந்தைக்க வச்சு அவனைக் குளம்தின்னி எண்டு கூப்பிட்டனீங்கள்தானே. இஞ்சயும் ஒருக்காக் கூப்பிடுங்கோவன்.

அடுத்த மாதமோ? ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், அடுத்த மாதம் மட்டும் பொறுக்கேலாது. தெளிவாய்ப்போன விசயத்தை மட்டும் எழுதுங்கோ. நோய் எங்கட குளத்தில முதலே இருந்தது. வாய்க்காலால வரேல்ல. பீப்பாவாலதான் போனது. ஜனார்த்தனன் ஒருத்தரின்ர குளத்தையும் அழிக்கேல்ல.

அவனை வெள்ளிக்கிழமையிலயிருந்து காணேல்ல. போன் வேலை செய்யேல்ல. பொலிஸில சொல்லியாச்சு. களப்புக்குள்ள வலைபோட்டுத் தேடினதில ஒண்டும் அம்பிடேல்ல. அதால, அவன் உயிரோட எங்கயோ ஒளிச்சிருக்கிறான் எண்டுதான் நான் எடுத்துக்கொண்டனான்.

வாசல்ல ஓட்டோவில ஒலிபெருக்கி பூட்டி நிக்குது, ஐயா. நீங்கள் ஒப்பம் வச்சுத் தந்தால், ஒளிச்சிருக்கிறவன்ர காதில விழட்டுமெண்டு காட்டுக்கரை முழுக்க வாசிச்சுக்கொண்டு போவன்.