கூட்டல் எண்ணூத்தி ரெண்டு

இல்ல மேடம், காப்பி அடிக்கல. எத்தன வாட்டி கேட்டாலும் இதேதான் சொல்வேன். பின்னாடி பெஞ்சுல உக்காந்திருந்தது என் அண்ணன்தான், ஆமா. கூடப் பொறந்தவன். வேதியியல்ல ரெண்டு தடவ போச்சு, அதான் இந்த வருஷம் என்கூட சேந்து எழுதினான். எடம் போட்டது நீங்க, நான் இல்ல.

மூணாவது கேள்வியில ரெண்டு பேரோட தப்பும் ஒண்ணுதான், ஒத்துக்கறேன். அந்தத் தப்பச் சொல்லிக் குடுத்ததே நான்தானே! பதினோரு வருஷத்துப் பழைய கேள்வித்தாள சாப்பாட்டு மேசையில பரப்பி வச்சிக்கிட்டு ஒண்ணொண்ணா போட்டோம். விடையெல்லாம் அதுல கெடையாது. என்தால்பி கணக்குல பிணைப்பு ஆற்றல் குடுத்திருந்தா, உடையறதுலேருந்து உருவாகறதக் கழிக்கணும். நான் தலைகீழா கழிக்கச் சொல்லிட்டேன். வேற வகைக் கணக்கோட முறை அது, குழப்பிக்கிட்டேன். அவனும் தங்கச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நோட்டு நோட்டா போட்டுத் தள்ளினான்.

பாத்து எழுதினான்னு சொல்றீங்களே, கரிம வேதியியல் பக்கத்தப் பொரட்டுங்க. புரோப்பீன்ல புது ஹைட்ரஜன் எந்தக் கார்பனுக்குப் போகும்? ஏற்கெனவே ஹைட்ரஜன் நெறய இருக்கறதுக்கு. அது அவன் மண்டையில ஏறவே இல்ல. செல்லப்பிள்ளைக்கேதான் எல்லாம் போகும், நம்ம வீட்டுல உனக்குப் போற மாதிரின்னேன். அத அப்படியே விடைத்தாள்ல எழுதி வச்சிருக்கான், லூசு! சிரிக்காதீங்க மேடம். என் பேப்பர்ல அது இருக்கா? இல்லல்ல?

என்னது, ரெண்டு பேருக்கும் ரத்தா? ஐயோ மேடம், எனக்கு வேணா பண்ணுங்க. அவனுக்கு இதான் கடைசி. இதுவும் போச்சுன்னா படிப்பு போதும், பட்டறைக்கு வந்துடுன்னு அப்பா சொல்லிட்டாரு.

இல்லியே, மூணாவது கேள்வி தப்புன்னு ஹால்ல தெரியாதுன்னு நான் எப்ப சொன்னேன்? தெரிஞ்சுது. கடைசி அரை மணி நேரத்துல. மீத்தேன் எரியற கணக்குக்குக் கூட்டல் எண்ணூத்தி ரெண்டுன்னு வந்திருக்கு. கூட்டல்னா வெப்பத்த உள்ள இழுக்குதுன்னு அர்த்தம். அடுப்புல எரியற வாயு குளுருமா மேடம்? சுருக்குன்னுச்சு. அடிச்சிட்டுக் கழித்தல்னு மாத்தி ரெண்டு வரி எழுதினாப் போதும். பேனாவ எடுத்துட்டேன்.

அப்ப பின்னாடி அவன் பேனா சரசரன்னு ஓடற சத்தம். எப்பவும் அர மணி நேரத்துல எழுந்து போயிடறவன், அன்னிக்கு நிறுத்தாம எழுதறான். எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. திரும்பிச் சொல்லவும் முடியாது. அவன மட்டும் தப்புல விட்டுட்டு நான் திருத்திக்கறதான்னு இருந்துச்சு. பேனாவ மூடி வச்சிட்டேன்.

திருத்தியிருந்தா ரெண்டு பேப்பரும் வேற வேறயா இருந்திருக்கும், இல்ல மேடம்? உங்களுக்குச் சந்தேகமே வந்திருக்காது. அவன் பாஸாகியிருப்பான்.