பூட்டு தொங்கிய பத்தொன்பது வீடுகள்

பண்பும் பரிவும் ஒருங்கே அமைந்து, இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் லட்சுமணசாமி அவர்களே, முச்சந்தியில் மேடை போட்டு, மின்விளக்குக் கட்டி, என்னையும் ஒரு பொருட்டாக மதித்து அழைத்து அமரவைத்த தெரு மக்கள் நலச் சங்கத்தாரே, பஞ்சாலைச் சங்கு கேட்டு எழுந்து பட்டறைச் சத்தத்தில் பகலைக் கழித்த பெரியோர்களே, பாய் விரித்து முன்னால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மாடிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கேட்கும் சகோதரிகளே, ஓரமாக நின்று ஒவ்வொரு வரியையும் குறித்துக்கொள்ளும் காவல்துறை நண்பர்களே, உங்கள் எல்லோரையும் இரு கை கூப்பி வணங்குகிறேன். என் பெயர் புவனா. வீடு துடியலூரில். நகருக்குள் ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறேன்.

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த வேலையைச் சொல்கிறேன். பல் துலக்கவில்லை, பால் காய்ச்சவில்லை. எங்கள் வீட்டு வாசல் கதவை வெளியிலிருந்து பூட்டினேன். சுவரை ஒட்டி நடந்து, கொல்லைப்புறமாக உள்ளே வந்து, சத்தம் போடாமல் உட்கார்ந்தேன். என் கணவர் மோகன்குமார் தூக்கக் கலக்கத்தில் கேட்டார்: "ஏனம்மணி, நானென்ன திருடனா? உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டே?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் சிரித்தேன். ஐந்து நிமிடத்தில் பால்காரர் வந்தார். மணி அடித்தார். பூட்டைப் பார்த்தார். "ஊருக்குப் போயிட்டாங்களாட்ட இருக்குது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போய்விட்டார். நான் உள்ளே இருக்கிறேன். என் மூச்சு எனக்குக் கேட்கிறது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில், அந்த மனிதரைப் பொறுத்தவரை, நான் இல்லை.

இந்தத் தெருவில் பத்தொன்பது வீட்டார் எத்தனை மாதம் அப்படி இல்லாமல் இருந்தார்கள்? உங்களுக்குத் தெரியும். எனக்குப் போன செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

அன்பர்களே, அடுத்த மாதம் நாடாளுமன்றத் தேர்தல். கோயம்புத்தூர்த் தொகுதியின் வரலாற்றைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசுகிறார்கள். பேசட்டும், பெருமை இருக்கிறது. செங்கொடியை டெல்லிக்கு அனுப்பிய தொகுதி இது. கதர்ச்சட்டையை அனுப்பிய தொகுதி இது. கறுப்பு சிவப்பை அனுப்பியது, போன ஆண்டு காவியை அனுப்பியது. ஐம்பத்தேழிலேயே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து நாடாளுமன்றத்தில் உட்காரவைத்த தொகுதி இது. யார் வென்றார், யார் தோற்றார், எத்தனை ஆயிரம் வித்தியாசம், எல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் வாக்குச்சாவடி வாசல்வரை வந்து, பட்டியலில் பெயர் இல்லை என்று திரும்பிப்போன கால்களின் வரலாற்றை யார் எழுதினார்கள்? எந்தப் புத்தகத்தில் எழுதினார்கள்? எந்தப் பக்கத்தில் எழுதினார்கள்?

எழுதவில்லை. அந்தக் கால்களைத் திருப்பி அனுப்பியவர்கள் என்னைப் போன்ற படித்தவர்கள். நாங்கள் எங்களைப் பற்றி எழுதிக்கொள்ள மாட்டோம்.

போன ஆண்டு பிப்ரவரியில் இந்த நகரத்தில் குண்டுகள் வெடித்தன. அதற்கு முந்தைய நவம்பரில் தீ வைத்தார்கள், கொன்றார்கள். செத்தவர்கள் எல்லாரும் நம்மவர்கள். அதில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்துச் சொல்ல என் நாக்கு கூசுகிறது. புகை வாடை போகும் முன்னே ஓட்டும் போட்டோம். அதற்குப் பிறகு ஆகஸ்ட் மாதத்தில், வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வீடுவீடாகப் போகச் சொன்னார்கள். ஆசிரியர்களுக்கு அந்த வேலை புதிதல்ல. கையில் ஒரு பேரேடு, ஒரு பேனா. இந்தத் தெரு எனக்கு வந்தது.

"அந்தச் சந்துக்குள்ள ரொம்ப நேரம் நிக்காதே அம்மணி" என்று வீட்டில் சொன்னார்கள். நான் நிற்கவில்லை. பத்தொன்பது வீட்டில் பூட்டு தொங்கியது. பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை, மூன்று வெவ்வேறு நாளில் போகவேண்டும் என்பது விதி. நான் ஒரே முறை போனேன். திரும்பி வந்து, அதோ அந்தப் பேக்கரியில் உட்கார்ந்தேன். மூன்று தேதிகளையும் ஒரே பேனாவால், ஒரே மேசையில், ஒரே டீ ஆறுவதற்குள் எழுதினேன். எழுபத்து நான்கு பெயர்களுக்கு எதிரே ஒரே சொல்லை எழுதினேன்: குடிபெயர்ந்தார். குடிபெயர்ந்தார். குடிபெயர்ந்தார். கீழே கையெழுத்துப் போட்டேன்.

அங்கே யாரோ கேட்கிறார்கள், யார் சொல்லி எழுதினீர்கள் என்று. யாரும் சொல்லவில்லை ஐயா. யாராவது சொல்லியிருந்தால் இன்று அவர்மேல் கோபப்பட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பயம் சொன்னது. சோம்பல் சொன்னது. இந்தத் தெருவைப் பற்றி எங்கள் உறவுக்காரர்கள் கல்யாணப் பந்தியில் பேசிய பேச்சு சொன்னது. நான் கேட்டேன்.

போன செவ்வாய் மாலை, பள்ளி விடும் நேரம். வாசலில் ஒரு அம்மா நின்றார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ரம்ஜான் பீவி என்று பெயர் சொன்னார்; இந்தத் தெருவுக்குப் பட்டியல் சரிபார்க்க வந்த டீச்சர் யாரென்று விசாரித்து வந்திருந்தார். கணவர் அப்துல் வஹீது, லேத் பட்டறை வைத்திருப்பவர். புதுப் பட்டியலில் வீட்டில் நாலு பேர் பெயரும் இல்லை என்றார். "எழுவத்தொண்ணுல இருந்து ஒரு எலெக்சனும் விட்டதில்லைங்க டீச்சரம்மா. யாருக்குக் குத்துனேன்னு எங்க ஊட்டுக்காரரு ஒவ்வொரு தடவையும் கேப்பாரு. இன்னிக்கி வரைக்கும் சொன்னதில்லைங்க."

"வீடு பூட்டியிருந்துதுங்களே?" என்றேன். என் குரலில் அதட்டல் இருந்தது. அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

அந்த அம்மா சொன்னார்: "நாங்கதாங்க பூட்டினோம். வெளிய பூட்டு போட்டுட்டு, பின்னாடிச் சந்து வழியா உள்ள வந்து இருந்துக்குவோம். ஆளில்லாத ஊடுன்னு நெனச்சு எவனும் போயிருவான்லங்க. யாரு வந்து தட்டுறாங்கன்னு தெரியாத காலமுங்க அது."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்க வந்தப்ப நான் உள்ளதாங்க இருந்தேன். ஜன்னல் இடுக்குல உங்க சேல தெரிஞ்சுது, பச்சைச் சேல. எம் பொண்ணு ஜன்னத், டீச்சராட்டம் இருக்குது, தொறக்கட்டுமான்னு கேட்டா. நான்தான் அவ வாயைப் பொத்தினேன். நீங்க பேனா மூடியைத் தொறந்த சத்தம் கூடக் கேட்டுச்சுங்க."

தாய்மார்களே, ஒரு மரக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் அந்தத் தாய், தன் மகளின் வாயைப் பொத்திக்கொண்டு. இந்தப் பக்கம் நான், பட்டம் பெற்றவள், பாடம் நடத்துகிறவள். இரண்டு பேருக்கும் பயம். அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. என் பயத்துக்கு அதிகாரம் இருந்தது. அவர் பயம் அவர் வாசலைப் பூட்டியது. என் பயம் அவர் பெயரை அடித்தது.

மறுநாள் இருவரும் வாக்காளர் பட்டியல் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே நஞ்சப்பன் என்று ஒரு எழுத்தர். கோபமே வராத மனிதர். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். "உக்காருங்கம்மா. நம்மூட்டு மாதிரி நெனச்சுக்குங்க" என்றார். பிறகு பேரேட்டைப் புரட்டினார். "மூணு தடவ போய்ப் பாத்ததா இருக்குதுங்களே. டீச்சர் ஒருத்தங்க கையெழுத்தே போட்டிருக்காங்க. டீச்சரு பொய் எழுதுவாங்களாம்மா?"

அந்த டீச்சர் ரம்ஜான் பீவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

நஞ்சப்பன் மேலும் சொன்னார்: "ஆளுக்கொரு விண்ணப்பம் குடுங்க, வேண்டாங்கல. ஆனா குடிபெயர்ந்ததா பதிவாகியிருக்குதுங்க. அந்த டீச்சரே வந்து, நான் போகாம எழுதிப்போட்டேன்னு எழுதிக் குடுத்தா, பெரிய ஆபீசர்கிட்ட வெச்சு ஒரே நாள்ல சேத்துப்போடலாம். யாருங்க அப்படி எழுதிக் குடுப்பாங்க? வேல போயிருமுங்களே." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் மரியாதைக்குச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் முகத்தை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ரம்ஜான் பீவி என்னைப் பார்த்தார். இவர்தான் அந்த டீச்சர் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குதுல்லங்க. வேல முக்கியமுங்க டீச்சரம்மா" என்றார்.

நான் அழித்த பெயருக்குச் சொந்தக்காரர் எனக்கு ஆறுதல் சொன்னார் ஐயா. இதைவிட என்னை யார் அடிக்க முடியும்?

பின்னால் ஒரு தம்பி சொல்கிறார், "அடுத்த எலெக்சன்ல சேத்துக்கலாமுங்க" என்று. தம்பி, பேருந்தைத் தவறவிட்டால் அடுத்த பேருந்து வரும். உரிமையைத் தவறவிட்டால் அடுத்த உரிமை வருமா? கிணத்துக்கடவில் இருக்கும் என் உறவினர் ஒருவர் இன்னும் தெளிவாகச் சொன்னார்: "அந்தத் தெரு ஓட்டு கொறஞ்சா நல்லதுதானே அம்மணி, நீயெதுக்கு வருத்தப்படறே?" அவரிடம் கேட்டேன், உங்களிடமும் கேட்கிறேன். இன்று ஒரு தெருவின் பெயர்களைப் பூட்டைப் பார்த்து அடிக்கலாம் என்றால், நாளை உங்கள் தெருவின் பெயர்களை எதைப் பார்த்து அடிப்பார்கள்? பல்லடத்துத் தறிக்காரர் வேலைக்கு வெளியூர் போயிருந்தால் அடிப்பார்களா? காட்டுக்குள் தோட்டத்துச் சாளையில் வீடு கட்டி இருப்பவர் ஊருக்குள் இல்லை என்று அடிப்பார்களா? எழுபத்து நான்கு பேர் இல்லாமல் வருகிற வெற்றி எந்தக் கட்சிக்கு வந்தாலும், அதற்கு மாலை போட வருகிற கையில் என் பேனாவின் மை ஒட்டியிருக்கும்.

எந்தக் கொடிக்கும் ஓட்டுக் கேட்க நான் இங்கே ஏறவில்லை. ரம்ஜான் பீவி யாருக்குப் போடுவார் என்று அவர் கணவருக்கே தெரியாது, எனக்கெதற்கு? அவர் போடவேண்டும். பதினெட்டு வயது நிறைந்த ஜன்னத் முதல் முறையாகப் போடவேண்டும். அவ்வளவுதான் என் கட்சி.

நாளை மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு வேட்புமனு முடிகிறது. அதோடு பெயர் சேர்க்கும் வாசலும் அடைபட்டுவிடும். ஆகவே பத்தொன்பது வீட்டாரும் கேளுங்கள். எழுபத்து நான்கு விண்ணப்பங்களையும் இன்றே நிரப்பிவிடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மேடையை விட்டு இறங்கியதும் நான் எழுதித் தருகிறேன்.

பொறுமையாகக் கேட்ட தலைவர் அவர்களுக்கும், என்னை அடிக்காமல் விட்ட இந்தத் தெருவுக்கும், அதோ பந்தல் ஓரத்தில் ஸ்கூட்டரில் சாய்ந்து நிற்கும் என் கணவருக்கும் நன்றி. இனி நான் சொல்லப்போவதை அவரிடம்கூட இதுவரை சொல்லவில்லை. பதினெட்டு ஆண்டாக என்னோடு பணிபுரிபவர்களிடமும் சொல்லவில்லை.

நாளை திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் பள்ளிக்குப் போகவில்லை. நஞ்சப்பனின் மேசைக்குப் போகிறேன். பூட்டிய வீடுகளுக்கு மூன்று முறை போனேன் என்று எழுதியது பொய், அந்தப் பொய்யை எழுதியவள் நான் என்று என் கையாலேயே எழுதி, என் முழுப் பெயரில் கையெழுத்திட்டுக் கொடுக்கப்போகிறேன். விண்ணப்பங்களோடு வருகிறவர்கள் வாருங்கள். வணக்கம்.