இளைத்தால் இல்லம்

மேக்கப் அக்கா: …கண்ணத் திறக்காதீங்கன்னா திறந்துடறீங்களே! மூடுங்க. கீழ் இமை இன்னும் பாக்கி இருக்கு.

அவள்: மூடினா தலை சுத்துதுக்கா.

மேக்கப் அக்கா: அப்ப ஒண்ண மூடிக்கிட்டு ஒண்ணத் திறந்துக்கோங்க. கண்ணடிக்கிற மாதிரி இருக்கும். இருந்துட்டுப் போவட்டும், இங்க நாம ரெண்டு பேர்தானே.

அவள்: சிரிக்க வைக்காதீங்கக்கா, வயித்த இழுக்குது.

மேக்கப் அக்கா: சிரிங்க, சிரிச்சாத்தான் கன்னம் எங்க இருக்குன்னே தெரியுது. மொத வாரம் நீங்க வந்தப்ப இந்தக் கன்னத்துல நான் கையே வைக்கல. பன்னு மாதிரி இருந்துச்சு. இப்ப பள்ளத்துல பூசிப் பூசி என் டப்பாதான் காலியாவுது.

கேன்டீன்காரர்: உள்ள வரலாங்களா?

மேக்கப் அக்கா: வந்தாச்சு, அப்புறம் என்ன கேள்வி.

கேன்டீன்காரர்: மேடத்துக்கு வெந்நீர்.

மேக்கப் அக்கா: பாருங்க அநியாயத்த! காலையிலேருந்து ஒரு டீ கேட்டுத் தொண்டை வறண்டு கிடக்கறேன். மேடம் வாயே திறக்கல, பிளாஸ்க் நடந்து வருது. ஜெயிக்கப் போறவங்கன்னு இப்பவே ஐஸ் வைக்கறீங்களாண்ணே? வெந்நீர்ல ஐஸ் வைக்கறத இன்னைக்குத்தான் பாக்கறேன்.

கேன்டீன்காரர்: அப்படியில்லீங்க… போட்டிக்காரங்க எல்லாருக்கும் குடுக்கச் சொன்னாங்க.

மேக்கப் அக்கா: எல்லாருக்குமா? பக்கத்து ரூமுக்குப் போன மாதிரி தெரியலையே.

கேன்டீன்காரர்: போவேன்… இனிமேதான்.

மேக்கப் அக்கா: ம்… போவீங்க, போவீங்க. சரி, நான் போய் ஒட்டு முடி எடுத்துட்டு வரேன். முன்பக்கம் பூரா கொட்டிப் போச்சு, விளக்கு வெளிச்சத்துல மண்டை தெரியும். அண்ணே, நான் வர்ற வரைக்கும் இங்கயே நில்லுங்க. மேடம் சரிஞ்சாங்கன்னா பிடிச்சுக்கோங்க.

கேன்டீன்காரர்: சரிங்க… போயிட்டாங்களா?

அவள்: மெதுவா. செருப்புச் சத்தம் இன்னும் கேக்குது.

கேன்டீன்காரர்: கையக் குடு. …என்னடி இது, ஐஸ் பெட்டியிலேருந்து எடுத்த மாதிரி இருக்கு?

அவள்: விடுங்க, யாராவது வரப் போறாங்க.

கேன்டீன்காரர்: வரட்டும்.

அவள்: வரட்டுமாம்! இங்க வேலை பாக்கறவங்க வீட்டு ஆளுங்க யாரும் போட்டியில கலந்துக்கக் கூடாதுன்னு மொத நாளே சொன்னாங்கல்ல? "நீ முன்னாடி பஸ்ல போ, நான் அடுத்த பஸ்ல வரேன், யாருக்குத் தெரியப் போவுது"ன்னு சொன்னது யாரு?

கேன்டீன்காரர்: நான்தான். நாக்குல சனி.

அவள்: இன்னைக்கு ஒரு நாள். அதிகமா இளைச்சவங்களுக்கு வீடு குடுக்கறதுக்கு இதுதான் கடைசி எடை. அது முடியற வரைக்கும் நான் மேடம், நீங்க கேன்டீன்.

கேன்டீன்காரர்: மேடமாம் மேடம். முழங்கை எலும்பு துருத்திக்கிட்டு நிக்குது மேடத்துக்கு.

அவள்: டிவியில இதுக்குத்தான் கை தட்டறாங்க.

கேன்டீன்காரர்: நேத்து உன் ஸ்கூல் வேன் டிரைவர் எனக்கு போன் பண்ணினாரு.

அவள்: …எதுக்கு?

கேன்டீன்காரர்: எதுக்குன்னு உனக்குத் தெரியாது?

அவள்: ஒண்ணுமில்லீங்க. ஒரு வாண்டைத் தூக்கி வேன்ல ஏத்தும்போது கை நழுவிடுச்சு. புல்லுலதான் விழுந்தான். அழக்கூட இல்ல. அவனே ஏறி உக்காந்துக்கிட்டான்.

கேன்டீன்காரர்: பள்ளிக்கூடத்துல அத்தனை பிள்ளைங்களையும் ரெண்டு கையிலயும் ஒண்ணொண்ணா அள்ளி ஏத்தினவடி நீ! உன் மடியில யார் தூங்கறதுன்னு சண்டை நடக்குமாமே. "மெத்தை ஆயா"ன்னு பேரே வச்சிருந்துதுங்க.

அவள்: இப்ப யாரும் அப்படிக் கூப்பிடறதில்ல. போன வாரம் ஒரு பொண்ணு தலை சாய்ச்சுப் படுத்தா. கொஞ்ச நேரம் புரண்டா. அப்புறம் "குத்துது ஆயா"ன்னு எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டா.

கேன்டீன்காரர்: …போதும்டி. வா, வீட்டுக்குப் போயிடலாம்.

அவள்: எந்த வீட்டுக்கு? கட்டில் காலுக்குப் பக்கத்துல அடுப்பு வச்சிருக்கோமே, அந்த வீட்டுக்கா?

கேன்டீன்காரர்: இருக்கறது இருக்கட்டும்.

அவள்: "முன்னூறு பேருக்குச் சமைக்கிறவன், என் பொண்டாட்டிக்கு ஒரு தோசைத்திருப்பி வைக்க இடமில்ல"ன்னு புலம்பினது நீங்க. அடுப்புக்குத் தனியா ஒரு ரூம், அதுக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளிய ஒரு மரம்னு கேட்டீங்க. மரம் வேற!

கேன்டீன்காரர்: மரம் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. …இந்தா, இதையாவது குடி. பாதாம் அரைச்சு விட்டுப் பால் காய்ச்சி எடுத்துட்டு வந்திருக்கேன். வெந்நீர்னு சொன்னா ஒருத்தரும் திறந்து பாக்க மாட்டாங்க. ஷூட்டிங் இருக்கற நாளெல்லாம் குடுத்து விடறேனே, குடிக்கிறேல்ல?

அவள்: ம்.

கேன்டீன்காரர்: குடிச்சா உடம்புல ஒட்டணுமே! எங்கதான் போவுது?

அவள்: எடை பாத்த பிறகு குடிக்கறேன். இப்ப வச்சுட்டுப் போங்க. அக்கா வந்துடுவாங்க.

கேன்டீன்காரர்: எங்க எழுந்திருக்கற?

அவள்: ஜன்னல் பக்கம் கொஞ்சம் காத்து வாங்கறேன்…

கேன்டீன்காரர்: பாத்துடி! நாற்காலிக் காலு!

மேக்கப் அக்கா: யாருண்ணே அந்த "டி"?

கேன்டீன்காரர்: அது… நாற்காலியச் சொன்னேங்க.

மேக்கப் அக்கா: நாற்காலிய டி போட்டுக் கூப்பிடுவீங்களா?

கேன்டீன்காரர்: கேன்டீன்ல அதட்டி அதட்டி வாய் அப்படியே பழகிப் போச்சுங்க.

மேக்கப் அக்கா: நல்ல பழக்கம். மேடம், உக்காருங்க, கால் நடுங்குது பாருங்க. முடிய வச்சிடறேன். …அட, பிளாஸ்க் அப்படியே இருக்கே! குடுங்கண்ணே, ஆறறதுக்குள்ள ஒரு வாய் ஊத்திக்கறேன்.

கேன்டீன்காரர்: அது மேடத்துக்குங்க.

மேக்கப் அக்கா: மேடம் என்னைக்குத் தொட்டாங்க? மொதல்லேருந்து எனக்குத்தானே! வெந்நீர்னு குடுத்து விடறாரு மனுஷன், திறந்தா பாதாம் பால். அண்ணன் கைப்பக்குவமே தனி. இவங்க இளைக்க இளைக்க நான் ரெண்டு சுத்து பெருத்துட்டேன்.

கேன்டீன்காரர்: மொதல்லேருந்தா?

மேக்கப் அக்கா: சர்க்கரைதான் ஒரு சிட்டிகை கூடுது.

கேன்டீன்காரர்: மேடம்… உங்களுக்குன்னு காய்ச்சினதாச்சே… மேடம்.

அவள்: எனக்குப் பால் ஒத்துக்காதுங்க.

கேன்டீன்காரர்: எப்பலேருந்து… ஒத்துக்கலைங்க?

அவள்: கொஞ்ச நாளா.

கேன்டீன்காரர்: சொல்லியிருக்கலாமேங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற ஏதாவது… முட்டையாவது…

மேக்கப் அக்கா: என்னண்ணே, மூஞ்சி இப்படித் தொங்கிப் போச்சு? ஒரு பிளாஸ்க் பாலுக்கா? நான் வேணா பாதி வச்சிடறேன்.

கேன்டீன்காரர்: இல்லீங்க, நீங்க குடிங்க. நீங்களாவது குடிங்க.

மேக்கப் அக்கா: இவங்ககிட்ட பேசிப் பிரயோசனமில்லண்ணே. நான் சொல்லாததா? மேடம், தலையக் கொஞ்சம் சாய்ங்க. …போன தடவை ஜெயிச்சாளே, தையல்காரப் பொண்ணு, அவ இன்னும் எனக்கு போன் பண்ணி அழறா. மேடையில இவ்வளவு பெரிய சாவி குடுத்தாங்கல்ல? அது அட்டையில வெட்டி ஜிகினா ஒட்டினது.

கேன்டீன்காரர்: சாவி அட்டைன்னா… வீடு?

மேக்கப் அக்கா: வீடு எங்கன்னு கேட்டா ஒரு பள்ளத்தக் காட்டறாங்களாம். தோண்டிப் போட்டதோட சரி, மழைத் தண்ணி நிக்குது. எப்ப கட்டுவீங்கன்னு கேக்கப் போனா, மெஷின்ல ஏறி நில்லுன்னாங்களாம். நின்னிருக்கா. "எடை ஏறிடுச்சே! ஏறினா வீடு கிடையாதுன்னு ஒத்துக்கிட்டுத்தானே வந்தே"ன்னு அனுப்பிட்டாங்க.

கேன்டீன்காரர்: அய்யோ. …மேடம், கேட்டீங்களா? இத மேடத்துக்கு மொதல்லயே யாராவது சொல்லியிருந்தா…

மேக்கப் அக்கா: சொன்னேனே! ரெண்டாவது தடவை மேக்கப் போடும்போதே சொல்லிட்டேன். எனக்கும் ஒரு மனசு இருக்குல்ல? இளைக்க வைக்கும்னு பாட்டில்ல விக்கற இந்தப் பச்சைத் தண்ணிய நம்பி உடம்பக் கெடுத்துக்காதீங்க, பேசாம வீட்டுக்குப் போயிடுங்கன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். "சரிக்கா"ன்னாங்க. அடுத்த தடவை இன்னும் பாதியா வந்து நிக்கறாங்க!

கேன்டீன்காரர்: ரெண்டாவது தடவையேவா?

மேக்கப் அக்கா: அட ஆமாங்கறேன். நீங்க ஏன் பதறறீங்க? …முடி ஆச்சு. இனி அந்தப் பழைய சட்டை ஒண்ணுதான். "இவ்வளவு பெரிசா இருந்தேன்"னு மேடையில விரிச்சுக் காட்டணும்ல. அதையும் சும்மா விடல, ரெண்டு பக்கமும் துணி குடுத்து இன்னும் அகலமாத் தச்சு வச்சிருக்காங்க. எடுத்துட்டு வரேன். நாற்காலிய அதட்டாம இருங்கண்ணே.

அவள்: அப்படிப் பாக்காதீங்க.

கேன்டீன்காரர்: உனக்குத் தெரிஞ்சிருக்கு. வீடு கிடையாதுன்னு.

அவள்: ம்.

கேன்டீன்காரர்: நான் உக்காந்து ஜன்னலு, மரம்னு பேசிக்கிட்டிருந்தேன். நீயும் கேட்டுக்கிட்டிருந்த.

அவள்: நீங்க பேசும்போது நல்லா இருந்துச்சு.

கேன்டீன்காரர்: …நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லாம மறைச்சுட்டேன். அந்த நடிகை… இந்த நிகழ்ச்சிய நடத்திக்கிட்டு, பச்சைத் தண்ணி பாட்டில் மேல மூஞ்சியப் போட்டு, "நான் இதை மட்டும்தான் குடிக்கிறேன்"னு சிரிக்குதே, அந்தம்மாவுக்குச் சாப்பாடு என் அடுப்புலேருந்துதான் போவுது. வறுத்த கோழி. எண்ணெய் சொட்டச் சொட்ட. மேல ஒரு துணியப் போட்டு மூடி நானே கேரவனுக்கு எடுத்துட்டுப் போறேன்.

அவள்: தெரியும்.

கேன்டீன்காரர்: அதையும் அக்கா சொன்னாங்களா?

அவள்: உங்க சட்டை சொல்லுச்சு. யூனிட் சாப்பாட்டுக்கு நீங்க அப்படி மசாலா அரைக்க மாட்டீங்களே. தோய்க்கும்போது மோந்து பாப்பேன். சில நாள் அந்த வாசனையிலேயே பசி அடங்கிடும்.

கேன்டீன்காரர்: ஏன்டி என்கிட்ட கேக்கல?

அவள்: நீங்க ஏங்க என்கிட்ட சொல்லல?

கேன்டீன்காரர்: நீ ஆசையா இருந்த. நான் ஏன் கெடுக்கணும்னு…

அவள்: நானும் அப்படித்தான்.

கேன்டீன்காரர்: வீடு பொய். அந்தத் தண்ணி பொய். ரெண்டும் தெரிஞ்சிருக்கு. அப்புறம் எதுக்குடி இந்தப் பட்டினி? யாருக்காக?

அவள்: விடுங்க. இப்ப கூப்பிட வந்துடுவாங்க.

கேன்டீன்காரர்: வரட்டும். வந்தா சொல்றேன், இவ என் பொண்டாட்டி, நான் கூட்டிட்டுப் போறேன்னு. வேலை போனாப் போவட்டும். நடக்க முடியலைன்னா தூக்கிட்டுப் போறேன்.

அவள்: இப்ப தூக்கலாம். கனமே இருக்காது.

கேன்டீன்காரர்: விளையாடாத. சொல்லு.

அவள்: சொன்னா உங்களுக்குத் தாங்காது.

கேன்டீன்காரர்: சொல்லுடி.

அவள்: …மொத வாரம் என்னை மெஷின்ல ஏத்தி நிக்க வச்சாங்கல்ல?

கேன்டீன்காரர்: ம்.

அவள்: அந்த நடிகை குனிஞ்சு மெஷினைத் தடவிக் குடுத்து, "ரொம்ப வலிக்குதா செல்லம்?"னு கேட்டுச்சு. என்னையில்ல, மெஷினை. கூட்டமே சிரிச்சுது. அது எனக்கு ஒண்ணும் ஆகல. யாரோ என்னவோ. தெருவுல சிரிக்காததா? விளக்கு வேற கண்ணக் கூசுச்சு, எதிர்ல ஒரு மூஞ்சி தெரியல. கேமராவுக்குப் பக்கத்துல ஒரு டீத் தட்டு மட்டும் பளபளன்னு தெரிஞ்சுது.

கேன்டீன்காரர்: அய்யோ…

அவள்: கேட்டீங்கன்னுதான் சொல்றேன்.

கேன்டீன்காரர்: மேனேஜர் பக்கத்துல நின்னாருடி. எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் உம்முன்னு நின்னா தெரிஞ்சு போயிடுமேன்னு… அதுக்காக… சும்மா… பொய்க்குத்தான் சிரிச்சேன்.

அவள்: பொய்க்குச் சிரிச்சா உங்களுக்கு வாய் மட்டும்தாங்க கோணும். இத்தனை வருஷமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா? அன்னைக்கு உங்க உடம்பே குலுங்கிச்சு. தட்டுல இருந்த டீயெல்லாம் தளும்பிக் கொட்டுச்சு.